ஈரநிலத்துக்கு ஒரு நாள்: உட்காரப் போகிறவரின் பை

ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு நாள் போய்வர என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: நடக்கப் போகிறீர்களா, உட்காரப் போகிறீர்களா? பெரும்பாலானோர் மலையேறக் கிளம்புகிறவர்களைப் போலப் பை கட்டுகிறார்கள். ஈரநிலத்தை நடந்து முடித்துவிடலாம்தான். ஆனால் நடக்க நடக்க, முன்னால் இருக்கிற பறவைகள் ஒவ்வொன்றாக எழுந்து தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். நாணலோரமாக ஓர் இடம் பார்த்து, அரை மணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்தால்தான் தாழைக்கோழி குஞ்சுகளோடு வெளியே வரும். முங்கிய முக்குளிப்பான் எங்கே தலைதூக்கும் என்று கணக்குப் போட நேரம் கிடைக்கும். அதனால் பையில் போடும் ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் போடுகிறேன்: எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார இது உதவுமா?

இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி, ஒரு காது சரியாகக் கேட்காது. சுற்றிவர முடியாததால், பறவைகள் கண்ணில் படாமல் உள்ளிருந்தே பார்க்கக் கட்டிய மறைவுக் கூடங்களில் முதலில் வருவதிலேயே அமர்ந்துவிடுவார். நானும் மகளும் பாதை முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பினால், எங்களைவிட அவர்தான் அதிகம் பார்த்திருப்பார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் பாம்புத்தாரா வந்து இதோ இந்தக் கட்டையில உட்கார்ந்துச்சும்மா. ரெக்கையை விரிச்சுக் காயவச்சுட்டு இப்பத்தான் போச்சு" என்பார். பாம்புத்தாராவின் இறகு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அது நன்றாக முங்கி மீன் பிடிக்கிறது, பிறகு அத்தனை நேரம் காயவும் வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுக்க எதிரில் அப்பா உட்கார்ந்திருந்தார். இப்போது நாங்கள் மூவரும் உட்காருகிறோம்.

ஆகவே முதல் பொருள், உட்காரும் பாய். முழங்கால் வைக்கும் அளவுக்கு ஒரு நுரைப்பலகைத் துண்டு போதும். நீரை உறிஞ்சாத வகையாக இருக்கட்டும். காலை நேரத்தில் மரப்பலகைப் பாதையும் பெஞ்சும் பனியில் நனைந்திருக்கும், ஈர உடையோடு யாராலும் பொறுமையாக இருக்க முடியாது. அப்பாவுக்கு மட்டும் முதுகுச் சாய்மானம் உள்ள மடக்கு நாற்காலி. அதன் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டியிருக்கிறோம். இல்லாவிட்டால் பலகையில் இழுபடும்போது எழும் சத்தம் மறைவுக் கூடம் முழுக்கக் கேட்கும்.

அடுத்து, எந்த மாதிரியான ஈரநிலத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஈரநிலம் என்பதை மிக அகலமாக வகுத்திருக்கிறது. இயற்கையானதோ செயற்கையானதோ, நன்னீரோ உவர்நீரோ உப்புநீரோ, கடல் வற்றியிருக்கும்போது ஆறு மீட்டர் ஆழம் வரை உள்ள கடலோரம் உட்பட எல்லாம் அதில் அடங்கும். நாணல் ஏரி, அலையாத்திக் காடு, கரிச்சேற்று நிலம், சேற்றுத்திட்டு எல்லாமே ஈரநிலம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பை வேறு. அலையாத்திக்குள் போகும் பாதையில் நிழல் உண்டு, காற்று இருக்காது, கொசு இருக்கும். திறந்த காயலோரத்தில் காற்று வீசும், ஒதுங்க ஒரு மரம்கூட இருக்காது. முந்தைய நாள் பூங்காவின் வரைபடத்தைப் பார்த்து, மறைவுக் கூடங்களும் கழிப்பறையும் எங்கே இருக்கின்றன, காலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று குறித்துக்கொள்கிறேன். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற கூடத்தில் காலையில் உட்கார்ந்தால் பறவையின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எல்லாமே கறுப்பு நிழலுருவங்கள்தான்.

கடலோர ஈரநிலம் என்றால் பைக்கு முன்பே கையில் இருக்க வேண்டியது அலையேற்ற அட்டவணை. பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறும், மறுநாள் அதே ஏற்றம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். நீர் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் சேற்றுவெளியின் தொலைவுக்குப் போய் இரை தேடும். நீர் ஏற ஏற, நிற்க இடமில்லாமல் கரைக்கு அருகே ஒதுங்கும். உயரேற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிட்டால் அவை தாமாகவே பக்கத்தில் வந்து சேரும். நேரம் தப்பிப் போனவர் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாலும், அடிவானத்தில் நகரும் புள்ளிகளைத்தான் பார்ப்பார்.

அப்படி ஒதுங்கி நிற்கிற கூட்டத்தின் அருகே போய்விடக் கூடாது. இதை நான் மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில், உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. பிறந்து ஐந்து மாதம்தான் ஆன இளம்பறவை அது. கிளம்புவதற்கு முன் சேற்றில் குத்திக் குத்திச் சேர்த்த கொழுப்புதான் வழி முழுக்க அதற்கு எரிபொருள். ஒரு படத்துக்காக நாம் பத்தடி முன்னால் போய் அந்தக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகும். தொலைவில் இருந்தே நன்றாகப் பார்க்க உதவும் கருவிக்குப் பணம் செலவழிப்பது இதனால்தான் நியாயமாகப் படுகிறது.

பைனாகுலரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வருகிற 5.25 மில்லிமீட்டர்தான் நம் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம். விடியற்காலை மங்கலில் கண்பாவை விரிந்திருக்கும்போது இந்த அகலம் உதவும். சட்டைப்பைக்குள் அடங்குகிற 8×21 கருவியில் அது மூன்று மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. நாணலுக்குள் ஒதுங்கி நிற்கிற குருகு அதில் வெறும் இருட்டாகத்தான் தெரியும். உருப்பெருக்கம் கூடினால் நல்லது என்று 12, 15 என்று வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப்பரப்பும் சுருங்கும். உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் 8 மடங்கிலேயே மூக்கின் வளைவு வரை பார்க்கலாம்.

அப்பா கண்ணாடி அணிபவர். கண்ணாடியோடு பார்ப்பவர்களுக்குக் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே திருகித் தாழ்த்திவிட வேண்டும், கண்ணாடி அணியாதவர்களுக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். வாங்கும்போது, வில்லையிலிருந்து கண் 15 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலும் முழுக் காட்சியும் தெரிகிற கருவியா என்று கேளுங்கள், கண்ணாடிக்காரர்களுக்கு அது அவசியம். வலது கண்ணுக்குத் தனியாகச் சரிசெய்யும் வளையம் ஒன்று இருக்கும். எங்கள் கருவியில் அப்பாவின் அளவுக்கு வெள்ளைப் பொட்டு, என் அளவுக்குச் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறோம். கை மாறும்போது பொட்டுக்குத் திருப்பினால் போதும். மகளுக்கு 6 மடங்கு காட்டும் இலேசான கருவி தனியாக இருக்கிறது. கனமான கருவியைக் கொடுத்துவிட்டு "பார், பார்" என்றால் சின்னக் கை எவ்வளவு நேரம் தாங்கும்?

உடை விஷயத்தில் நிறத்தைவிட அசைவுதான் முக்கியம் என்பது என் எண்ணம். இருந்தாலும் பளீர் வெள்ளை வேண்டாம், அது தொலைவிலேயே தெரியும். கரும் நிறங்களும் வேண்டாம், பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு அவற்றை நாடி வரும். மங்கலான மண்நிறம், வைக்கோல் நிறம், சாம்பல் பச்சை, இப்படி ஏதாவது. தளர்வான முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிக்கொள்கிற மாதிரி கால்சட்டை. இதற்கு மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலுடை ஒன்று கட்டாயம் வேண்டும். நடக்கும்போது உடம்பு தானே சூடாகும். உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சூடு இல்லை, திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டி வருகிற காற்று நேராக நெஞ்சில் படும். வயதானவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். "போகலாமா?" என்று மட்டும் கேட்பார்கள். அப்பா அப்படிக் கேட்டால் நான் முதலில் மேலுடையை எடுத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு அவர் கிளம்பும் பேச்சை எடுப்பதில்லை.

தொப்பியின் முன்விளிம்பு ரொம்ப நீளமாக, விறைப்பாக இருந்தால் பைனாகுலரில் இடிக்கும். மெத்தென்று வளைகிற விளிம்பும், தாடைக்குக் கீழே கட்டக் கயிறும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முனைவாக்கம் செய்த (போலராய்ஸ்டு) குளிர்கண்ணாடி இருந்தால் நீர்மேல் கண்கூசுவது குறைந்து, கரையோரத்தில் நீருக்கடியில் மீன் நகர்வதுகூடத் தெரியும். நாரை ஏன் அந்த இடத்திலேயே நிற்கிறது என்பது அப்போது புரியும்.

காலணிக்கு ஒரே நிபந்தனை, ஈரப்பலகையில் வழுக்காத மென்மையான அடிப்பாகம். டப் டப் என்று அடிக்கிற செருப்பின் அதிர்வு பலகை வழியாகப் போய்க் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைக் கிளப்பிவிடும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், சேற்றுப்பாதை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

கொசு. நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் வைத்துத் தேடி வருகிற உயிரி அது. ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர் அதற்கு எளிதாகக் கிடைப்பார். டீட் 20 முதல் 30 சதவீதம் கலந்த களிம்போ, பிகாரிடின் 20 சதவீதம் கலந்ததோ ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். நான் பிகாரிடின் பக்கம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். களிம்பு பட்ட விரலோடு பைனாகுலரையோ கண்ணாடிச் சட்டத்தையோ தொட்டால் மேற்பூச்சு பிசுபிசுத்துப் போகும். எதைப் பூசினாலும் வெயில் களிம்பு முதலில், அது காய்ந்த பிறகு கொசுக் களிம்பு. குழந்தைக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். உள்ளங்கையில் வேண்டாம், கை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். எஸ்பிஎஃப் 30 உள்ள வெயில் களிம்பு பி வகைப் புற ஊதாக் கதிரில் 97 சதவீதம் போலத் தடுக்கும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால்தான். இவற்றையெல்லாம் பூசிய கையைக் குளத்தில் கழுவாதீர்கள். தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் அந்த நீரில்தான் இருக்கின்றன. ஈரத்துணி ஒன்று டப்பாவில் வைத்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். வெயில் நாளில் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதாவது இரண்டு கிலோ எடை. சுமப்பது கடினம்தான், குறைக்க மாட்டேன். வெளியே போனால் பெரியவர்கள், அதுவும் பெண்கள், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். தலைசுற்றலும் மயக்கமும் அங்கேதான் தொடங்குகின்றன. "குடிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. கழிப்பறையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கிற கூடத்தைத் தேர்ந்தெடுத்து, "அங்க பக்கத்துலயேதான் இருக்குப்பா" என்று காட்டிவிட்டால் அவரே எடுத்துக் குடிக்கிறார். கைகழுவச் சோப்புத்தாளும் ஒரு சிறு துண்டும் அந்த ஐந்து நிமிடத்துக்கானவை. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும், எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்துக் கலக்க வேண்டும்.

சாப்பாடு எதுவானாலும் சரி, வீட்டிலேயே பொட்டலத்தைப் பிரித்து மென்மையான மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சரசரக்கும் உறை ஒன்று போதும், பத்து நிமிடம் காத்திருந்தது வீணாகும். உதிராததாகவும் இருக்க வேண்டும். சிந்திய பருக்கைகளுக்கு எலியும் காகமும் வரும், வந்தவை கூட்டில் இருக்கிற முட்டையையும் விட்டுவைக்காது. வாத்துகளுக்கு ரொட்டி போடுவது அன்பான செயலாகத் தெரியும். ஆனால் அதில் அவற்றுக்கு வேண்டிய சத்து இல்லை, ஊறி அழுகுகிற மிச்சம் பாசியை வளர்க்கும். மகள் இப்போது மற்றக் குழந்தைகளிடம் இதைத் தானே எடுத்துச் சொல்கிறாள்.

சத்தம் என்றதும் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்த பை வேண்டாம், அந்தக் கிழிபடும் ஓசை நீர்மேல் நெடுந்தொலைவு போகும். ஜிப் வைத்த பை, அதுவும் பாதி திறந்தபடியே வைத்துக்கொள்ளலாம். உலோகப் பாட்டிலுக்கு ஒரு பழைய காலுறையைப் போட்டுவிட்டால் எதன்மேலும் இடித்துக் கணகணக்காது. எந்தப் பொருள் எந்த அறையில் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு மாற்றாமல் வையுங்கள். கண் பறவைமேல் இருக்கும்போதே கை தேடி எடுத்துவிடும். உள்ளே நீர்புகாத உறை ஒன்றில் கைப்பேசி, மாற்றுத்துணி, அன்றாட மருந்துகள். அப்பாவின் மருந்துச் சீட்டின் நகலும் அதில் இருக்கும்.

புகைப்படக் கருவி கொண்டுபோகிறவர்கள் முக்காலிக்குப் பதிலாக மணிகள் நிரப்பிய துணிப்பை ஒன்று வைத்துக்கொள்ளலாம். மறைவுக் கூடத்தின் சன்னல் விளிம்பில் அழகாகப் பொருந்தும், பக்கத்தில் இருப்பவருக்கும் இடம் விடும். மின்னல்விளக்கு வேண்டவே வேண்டாம்.

எனக்குப் படத்தைவிடக் குறிப்பேடு பிடிக்கும். பென்சில்தான், பேனா இல்லை. ஈரத்தாளில் மை கலங்கிவிடும், பென்சில் கோடு நிற்கும். மணி, இடம், பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, இவ்வளவு எழுதினால் போதும். பெரிய கூட்டத்தை எண்ண ஒரு வழி இருக்கிறது. முதலில் பத்து நெடுங்கால் உள்ளான்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுக்க அப்படி எத்தனை பத்து இருக்கும் என்று பார்ப்பது. மகள் இதில் தேறிவிட்டாள், அப்பாவும் அவளும் தனித்தனியே எண்ணிவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த எண்ணிக்கையை, பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும், 2002-இல் தொடங்கிய இபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இப்படித் தன்னார்வலர்கள் எண்ணிக் கொடுப்பதில்தான் நடக்கிறது. பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் செயலி இருக்கிறது. நாம் போகும் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அதிலுள்ள குரல்களை வெளியில் ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பது மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில், தன் இடத்துக்குப் போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டு வந்து அலையும்.

குடையைவிட மழைக்கோட்டு நல்லது. குடை விரியும்போது எதிர்க்கரைப் பறவைகள்கூட எழும். இடி கேட்டால் பார்வைக் கோபுரத்திலிருந்தும் திறந்த பாதையிலிருந்தும் உடனே இறங்கி, நல்ல கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே திரும்புங்கள். மாலை வரை இருப்பதாக இருந்தால் ஒரு கைவிளக்கு, பாதையில் பாம்பு கிடக்கலாம். குப்பைக்கு ஒரு பை. அறுந்த தூண்டில் நரம்பு கரையில் கிடந்து, எட்டுகிற இடமாக இருந்தால் அதையும் சுருட்டி எடுத்து வருவோம், கொக்குகளின் காலில் சுற்றிக்கொள்கிற பொருள் அது.

கடைசியாக ஒரு பழைய பல்துலக்கி. பலரும் இதை எடுத்துப்போவதில்லை, நான் விடுவதே இல்லை. காலணி அடியில் ஒட்டிய சேற்றில் விதையும் வேர்த்துணுக்கும் வரும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆகாயத்தாமரை இன்று உலகின் எத்தனையோ நீர்நிலைகளை மூடிக் கிடக்கிறது, ஒரு சிறு துணுக்கிலிருந்தே அது தழைத்துவிடும். தவளைகளின் தோலைத் தாக்கி, பல இனங்களை அழிவு வரை கொண்டுபோன கைட்ரிட் பூஞ்சையும் ஈரச்சேற்றோடு இடம் மாறக்கூடியது. வண்டியில் ஏறுவதற்கு முன் மகள் தன் காலணியைத் தானே தேய்த்துக்கொள்வாள். குனிய முடியாத தாத்தாவின் காலணியையும் நாற்காலிக் கால்களையும் நான் தேய்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெயிலில் பரப்பிவிடுகிறோம். அடுத்த வாரமே வேறோர் ஏரிக்குக் கிளம்புவதாக இருந்தால், காலணியின் அடிப்பள்ளங்கள் வரை முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.